எவ்வளவு என்பதல்ல, என்ன என்பதே

மார்ச் 3
இரத்தப் பரிசோதனை முடிவு வெள்ளிக்கிழமைதான் வருமாம்.

மார்ச் 4
உணவுக் குறிப்பை இன்று தொடங்கினேன். உண்டதையெல்லாம் உண்ட வேளையிலேயே அளவோடு எழுத வேண்டுமென்று உணவியல் நிபுணர் சொல்லியிருக்கிறார். உடல் பருமன் உள்ளவர்கள் தாம் உண்பதைக் குறைத்துச் சொல்வது அதிகம் என்பது ஆய்வுகளில் பலமுறை தெரியவந்த செய்தி. ஆனால் தன் ஒவ்வொரு கவளத்தையும் பிறர் அளந்து பார்க்கும்போது ஒரு பெண் எதை மறைப்பாள், ஏன் மறைப்பாள் என்பதையும் அதனுடன் சேர்த்தே கேட்க வேண்டும். நான் எதையும் மறைக்காமல் எழுதினேன்.

மார்ச் 5
மீண்டும் அதே களைப்பு. மாடிப்படியை நின்று நின்றுதான் ஏற முடிந்தது.

மார்ச் 6
எழுதியதை இன்று கலோரிக்காக அல்லாமல், வகைக்காகப் படித்தேன். 15 முதல் 49 வயது வரையிலான பெண்களின் உணவு வகைமையை அளக்க ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் பரிந்துரைக்கும் முறையில் பத்து உணவுத் தொகுதிகள் உள்ளன. ஒரு நாளில் குறைந்தது ஐந்தேனும் உண்ண வேண்டும். அது மக்கள்தொகையை அளப்பதற்கான கோல், ஒருத்தியின் உடல்நிலையைத் தீர்மானிப்பதற்கானது அன்று. ஆயினும் என் நேற்றைய உணவு அந்த ஐந்தை எட்டவில்லை. சர்க்கரையும் எண்ணெயும் ஆற்றலை அள்ளித் தருகின்றன, ஆனால் அந்தப் பத்தில் அவற்றுக்கு இடமில்லை. வயிறு நிறைந்திருக்கும்போதே உடல் பட்டினி கிடக்க முடியும் என்பதை யாரிடம் சொன்னாலும் என் உருவத்தைப் பார்த்துவிட்டு நம்ப மறுக்கிறார்கள்.

மார்ச் 7
உடலில் சேமித்த இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் 38. தாளில் ‘இயல்பு’ என்று அச்சாகியிருக்கிறது.

மார்ச் 8
அந்த ஒரு சொல் இரவெல்லாம் உறங்க விடவில்லை. நலமான பெண்ணுக்கு 15-க்குக் கீழே போனால்தான் குறைபாடு. ஆனால் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே உயரும் என்பதால், அத்தகைய நிலையில் 70-க்குக் குறைந்தாலே இரும்புச்சத்துக் குறைபாடாகக் கருதலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. உடல் பருமனுடன் மெல்லிய அழற்சி பலருக்கு நீடிக்கிறது. அதனால் கல்லீரல் ஹெப்சிடின் என்னும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க, அது குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. எனக்கு அழற்சிக் குறியீடும் உயர்ந்தே இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க ஒருவர் வேண்டும்.

மார்ச் 9
சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தாலே எல்லாம் சரியாகும் என்றாள் அக்கா. அன்பினால்தான் சொல்கிறாள். ஆனால் இரும்பும் நார்ச்சத்தும் குறைவாக உள்ள உணவைப் பாதியாக்கினால் அவையும் பாதியாகத்தானே குறையும்!

மார்ச் 10
அமெரிக்காவில் 20 பேரைக் கொண்டு நடத்தி 2019-இல் வெளியான சோதனையைப் பற்றி மீண்டும் படித்தேன். பரிமாறிய உணவில் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தும், மிகைப் பதப்படுத்திய உணவைத் தந்த இரண்டு வாரங்களில் அவர்கள், பதப்படுத்தாத உணவைத் தந்த இரண்டு வாரங்களைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். மன உறுதி இல்லாதவள் என்று என்னைச் சொன்னவர்களெல்லாம் நினைவுக்கு வந்தார்கள். கோபம் இன்னும் அடங்கவில்லை.

மார்ச் 12
மருத்துவர் இரண்டு எண்களையும் சேர்த்தே பார்த்தார். இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தில் இரும்பு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதையும் பரிசோதிக்க எழுதித் தந்தார். உணவோடு தேநீர் வேண்டாம், பருப்போடு வைட்டமின் சி உள்ள பழம் ஏதேனும் சேர்க்க வேண்டும் என்றார். எடையைப் பற்றி இன்று அவர் எதுவும் கேட்கவில்லை. நாளை காலை வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும்.