கூட ஒரு வார்த்தை எழுதக்கூடாது

முதல் உலகப் போருக்குப் போன பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வீட்டுக்கு அனுப்ப ஏ.2042 என்று ஒரு தபால் கார்டு கொடுத்திருக்கிறார்கள். எழுதவே வேண்டாம், எல்லாம் அச்சடித்தே இருக்கும். நான் நலம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உன் கடிதம் கிடைத்தது, தந்தி கிடைத்தது, பார்சல் கிடைத்தது. பொருந்தாத வரியை அடித்துவிட்டு, தேதியும் கையெழுத்தும் போட்டால் முடிந்தது. கூட ஏதாவது எழுதினால் கார்டையே அழித்துவிடுவோம் என்று மேலேயே எச்சரிக்கை. எனக்குப் பிடித்தது கடைசி வரி: உன்னிடமிருந்து கடிதமே வரவில்லை, அதற்குக் கீழே ‘சமீபத்தில்’, ‘ரொம்ப நாளாக’ என்று இரண்டு. ராணுவ ஃபாரத்தில் கோபித்துக்கொள்ளவும் இடம் விட்டிருக்கிறான் பாருங்கள்.

நூலகத்தில் வேலை பார்ப்பவன், போருக்குப் போன நூலகர்களைப் பற்றித் தேடப் போய் இதில் மாட்டிக்கொண்டேன். (அந்தப் போரில் இறந்த நூலகர்களுக்கென்றே லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது.) தேட வைத்தவர் எங்கள் கவுண்டர் அண்ணன். ஜார்ஜ்டவுனில் வருஷம் முழுக்கப் புத்தகத்துக்கு முத்திரை குத்துகிற மனிதர், அஸ்கார் வத்தானியாவிலும் இருக்கிறார். வெளிநாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு: அது 1958-ல் தொடங்கிய எங்கள் மலேசிய ராணுவத்தின் தொண்டர் படை, வேலைக்குப் போகிறவர்கள் ஓய்வு நாளில் பயிற்சி எடுப்பார்கள், வருஷாந்திர முகாமும் உண்டு. முகாம் காட்டுக்குள் என்றால் லைன் கிடைப்பது அதிர்ஷ்டம்.

எங்கள் ஸ்டாஃப் குரூப்புக்கு அட்டைப்பூச்சி ஏறிய காலின் படம் வரும், சாப்பாட்டைப் பற்றிப் புலம்பல் வரும், அந்தச் சுங்கை பட்டாணி பையன் புத்தகத்தைத் திருப்பினானா இல்லையா என்ற விசாரணையும் வரும். அண்ணிக்கு மட்டும் ‘நல்லா இருக்கேன்’. அவர் எனக்குப் போன் பண்ணுவார்.

“தம்பி, இன்னிக்கு ஆன்லைன்ல வந்தாரா?”

“நேத்து ராத்திரி பதினொன்றரைக்கு வந்திருக்காரு அண்ணி.”

“சரி சரி, அது போதும்.”

(லாஸ்ட் சீனை அண்ணிக்கு மறைத்து எனக்கு மட்டும் ஏன் திறந்து வைத்திருக்கிறார் என்பது அவர்கள் குடும்ப விஷயம்.) கால் படத்தை நான் அண்ணிக்கு அனுப்பியதில்லை. வீட்டுக்குப் பொய், வேலை இடத்துக்கு உண்மை என்பதை நான் தப்பாக நினைக்கவில்லை, வீட்டில் இருப்பவர்கள் கேட்பது செய்தியை அல்ல, ஆள் இருக்கிறான் என்ற தகவலை. ஏ.2042-ஐ வடிவமைத்தவனுக்கு அது தெரிந்திருக்கிறது.

1942-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தபோது பிடிபட்டவர்களில் அண்ணன் மாதிரி வாலண்டியர் படைக்காரர்களும் உண்டு, அதற்கு முன் கிளார்க், வாத்தியார், தோட்டத்துத் துரை என்று இருந்தவர்கள். ஜப்பான்காரன் அவர்களுக்கும் கார்டு கொடுத்தான், அபூர்வமாக, அதுவும் ஒரு கட்டத்தில் 25 சொல்லுக்கு மேல் கூடாது என்று. கைதிகளின் கஷ்டம் பற்றிய எல்லா நூலிலும் அந்த 25 சொல் புலம்பல் வருகிறது, நியாயம்தான். ஆனால் அந்தக் கைதிகளை வைத்து ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட அதே மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றிப்போன ஆயிரக்கணக்கான தமிழர்களுக்கு அந்தக் கார்டும் கிடையாது. தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், இருந்த பெண்டாட்டி பிள்ளைக்கு, திரும்பி வந்தவன் எவனாவது சொன்னால்தான் சேதி.