அவள் சொன்னது 1908

"வெட்டிட்டு, நான் சொன்னதையே எழுதுங்க சார்."

பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுத் தேர்வு முடிய இருபது நிமிடம் இருந்தது. பார்வையில்லாத மாணவி அவள். கூடுதலாகக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில், அவள் சொல்லி நான் எழுதியதை முதலிலிருந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். சுதேசிக் கப்பல் கம்பெனி பற்றிய விடை. "வ.உ.சி. 1906ல்" என்று நான் வாசித்ததுமே நிறுத்தினாள்.

"நான் 1908னுதானே சார் சொன்னேன்?"

ஆமாம், அப்படித்தான் சொன்னாள். 1906 கம்பெனி தொடங்கிய வருஷம், 1908 அவர் கைதான வருஷம். இரண்டையும் குழப்பிக்கொண்டாள். வரலாறு நடத்தாதவன் என்றுதான் என்னை ஸ்க்ரைப் டியூட்டிக்கு, அதாவது தேர்வர் சொல்லச் சொல்ல எழுதும் வேலைக்கு, போட்டிருந்தார்கள். நான் கணக்கு வாத்தியார். ஆனால் எனக்கு ஊர், வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரம் பக்கம். அந்த வருஷத்தை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் 1908 என்றாள், என் கை 1906 என்று எழுதியது. தெரியாமல் எழுதிவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். ஆனால் கடைசி எண்ணுக்கு முன் பேனா ஒரு நொடி நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"1906தாம்மா சரி" என்றேன். அது இரண்டாவது தப்பு.

"சரியா தப்பான்னு நான் கேக்கலையே சார்."

குரலில் கோபம் இல்லை. "நீங்க நல்லதுன்னு நினைச்சு மாத்திட்டீங்க. நாளைக்கு வேற ஒருத்தர், நான் சரியா சொன்னதைத் தப்பா எழுதினா எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அப்புறம்தான் வெட்டச் சொன்னாள். சரியான விடை காதில் விழுந்த பிறகும், தன் தப்பான விடையை என்னை எழுத வைத்தாள். எழுதினேன்.

அன்று எனக்கு அவள் மேல் வருத்தம்தான் வந்தது. ஒரு மதிப்பெண், அரை மதிப்பெண். அதற்கா இவ்வளவு? பார்வையில்லாத பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு வரை வருவதற்குள் எவ்வளவு இழந்திருக்கும்! எங்கள் பள்ளியிலேயே பார்வை மங்கலான ஒரு பையன் படித்தான். கரும்பலகையைக் காட்டி "இதையும் இதையும் கூட்டினா இது வரும்" என்று இரண்டு வருஷம் அவனுக்கும் சேர்த்துத்தான் நடத்தினேன். எது 'இது' என்று அவனுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அந்தக் கடனைத்தான் இவளிடம் அடைக்கப் பார்த்தேனோ என்னவோ. அப்படியானால் அது அவளுக்குச் செய்த உதவியே இல்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தை அதற்குப் பிறகுதான் எடுத்துப் படித்தேன். கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஓர் ஆளும் 17ஆம் பிரிவிலேயே இருக்கின்றன. அவை சலுகை என்றுதான் நாங்கள் ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம். சலுகை என்று நினைத்துவிட்டால், இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் என்ன என்று கைக்குத் தோன்றத்தான் செய்யும். உரிமை என்றால் கொடுப்பவன் கையில் கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை.

2021ல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிலர் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற சந்தேகத்துக்காக ஸ்க்ரைப் வசதியை மறுக்கக் கூடாது என்றது. சந்தேகம் எப்போதும் தேர்வு எழுதுகிறவர் மேல்தான் விழுகிறது. "வாத்தியாரே எழுதிக் கொடுத்துடுவாங்க" என்று சொல்பவர்களுக்கு அன்று நானே சாட்சி ஆகிப்போனேன். அந்த அறையில் விதியை மீறியது நான், விதியைக் காப்பாற்றியது அவள்.

மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலிலேயே கணினியில் விடை எழுதவும் இடம் இருந்தது. திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அவள் முன்னால் ஒரு கணினி இருந்திருந்தால் என் இரக்கம் அந்த விடைத்தாளுக்குள் நுழைந்தே இருக்காது. இதை எழுதும்போதே இன்னொன்றும் தோன்றுகிறது: கணினி இல்லை என்று சொல்லி என் தப்பை நான் லேசாக்கப் பார்க்கிறேன்.

இப்போதும் சில நாள், அந்த ஒரு மதிப்பெண்ணால் அவளுக்கு ஏதாவது கைவிட்டுப் போயிருந்தால் என்று நினைத்துக்கொள்கிறேன். மறுபடி அவளுக்கே எழுதப் போனால் என்ன செய்வேன்? சொன்னதை மட்டும் எழுதுவேன் என்றுதான் இங்கே எழுத ஆசை.

போன வருஷம் ஒரு பையனுக்குக் கணக்குப்பதிவியல் எழுதப் போனேன். ஒரு கூட்டலில் நூறு ரூபாய் உதைத்தது. அவன் சொன்னபடியே எழுதினேன். ஆனால் அடுத்த வரிக்குப் போகக் கை வரவில்லை.

"ஏன் சார், எழுதலையா?"

"பேனா சரியா எழுதலப்பா" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்தக் கூட்டலை இன்னொரு தடவை வாசிங்க சார்" என்றான்.