பன்னிரண்டாவது மாதம்

30 ஏப்ரல் 2024
இந்தக் கல்வியாண்டுக்கான வேலை இன்றோடு முடிந்தது. அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் நான். மாதம் 25,000 ரூபாய், வருடத்துக்கு 11 மாதம். மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. எங்கள் வேதியியல் துறையில் எட்டுப் பேரில் ஐந்து பேர் இப்படித்தான். ஒரு வகுப்புக்கு 1,500 வீதம் மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு சொன்னது 2019 ஜனவரியில். அந்த அறிவிப்பின் நகல் இன்னும் என் பையில் இருக்கிறது. மடிப்பில் கிழிந்தேவிட்டது.

17 மே
அண்ணாச்சி கடைக்குப் போனேன். நான் வாய் திறக்கும் முன்பே, "ஜூன்ல பாத்துக்கிடலாம் டீச்சர்" என்று பற்று நோட்டை எடுத்துவிட்டார். நல்ல மனுஷன். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. தாவரவியல் சார் இந்த மாதம் ஜவுளிக் கடையில் பில் போடுகிறார். முனைவர் பட்டம் வாங்கியவர். அவரிடம் படித்த பையனே வேட்டி எடுக்க வந்தானாம்.

21 ஜூன்
கல்லூரி திறந்துவிட்டது. மூன்றாம் ஆண்டுப் பெண் ஒருத்தி ஓடி வந்து போனைக் காட்டினாள். புதுமைப் பெண் பணம் 1,000 ரூபாய் ஏறியிருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து மாதாமாதம் வருகிற பணம். ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் அதில்தான். "அம்மாகிட்ட கை நீட்டாம இருக்கேன் மேம்" என்றாள். அம்மா பீடி சுற்றுகிறவர். தூக்கத்திலும் விரல்கள் மடங்கி மடங்கி இலையைச் சுருட்டுமாம்.

இதை இலவசம் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. முதலாம் ஆண்டிலேயே நின்றுபோன பெண்களின் பெயர்களை வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்தவள் நான்.

4 ஆகஸ்ட்
4,000 நிரந்தர உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு மார்ச்சில் அறிவித்த தேர்வு இன்று நடந்திருக்க வேண்டும். தள்ளிப்போய்விட்டது. புத்தகங்களைத் திரும்பப் பரணில் போட மனம் வரவில்லை. மேசையிலேயே கிடக்கட்டும்.

9 ஆகஸ்ட்
கோவையில் தமிழ்ப் புதல்வன் திட்டத்தை முதல்வர் இன்று தொடங்கிவைத்தார். இனி பையன்களுக்கும் 1,000. கடைசி பெஞ்சில் ஒருவன் ராத்திரியில் பரோட்டா கடையில் மாவு பிசைந்துவிட்டு வந்து முதல் வகுப்பிலேயே தூங்கிவிடுவான். "வாரத்துல ரெண்டு நாள் லீவு சொல்லிரலாம் மேம்" என்றான். அவனுக்காக அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஜூன் மாதச் சம்பளம் எங்களுக்கு இன்னும் வரவில்லை. பிள்ளைகள் கைக்கு நேராகப் பணம் சேர்க்கத் தெரிந்த அரசுக்கு, அவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுப்பதா கஷ்டம்?

சாயங்காலம் அந்தப் பெண் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு கேட்டு வந்தாள். குளத்துத் தண்ணீரின் கடினத்தன்மை என்று முடிவு செய்தோம். கிளம்பும்போது, "அடுத்த செமஸ்டரும் நீங்கதான மேம் கைடு?" என்றாள்.

ஏப்ரல் வரை இருப்பேன் என்றேன்.