வலையில் கட்டிய இரண்டு நாடாவும் ஐம்பது அடியும்

கிரிக்கெட் ஆடிப் பழகிய கைக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பந்து வந்தாலும் தரையோடு தட்டிவிடும். பேஸ்பால் மட்டையைப் பிடித்த முதல் நாளே அது தெரிந்துவிட்டது. டீ (குடிக்கிறது இல்லை, பந்தை மேலே உட்கார வைக்கும் ரப்பர் தண்டு) மேல் பந்தை வைத்து அடித்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்த நண்பன், "என்னடா, அடிக்கிறியா புதைக்கிறியா?" என்றான்.

நன்றாக அடிபட்டதா இல்லையா என்பதைக் கண்ணால் சொல்லிக்கொண்டிருந்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம். அதனால் ஒரு நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு அடியும் என்ன வகை என்று எழுத வேண்டும். தரையில் உருண்டால் கிரவுண்டர். மட்டையிலிருந்து நேராகச் சீறினால் லைன் டிரைவ். உயரமாக எழும்பித் தூரம் போனால் ஃப்ளை. தலைக்கு மேலேயே எழும்பி இன்ஃபீல்டுக்குள் (ஓடித் தொட வேண்டிய முனைகளான பேஸ்களை ஒட்டிய உள்மைதானம்) விழுந்தால் பாப் அப். நான்கே வகை, இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

முதல் சிக்கல் பத்தாவது அடியிலேயே வந்தது. இடுப்பு உயரத்தில் பறந்து பத்தடி தள்ளித் தரையைத் தொட்ட பந்து கிரவுண்டரா, லைன் டிரைவா? விதிப் புத்தகம் லைன் டிரைவ் என்பதற்குச் சொல்வது, மட்டையிலிருந்து தரையைத் தொடாமல் ஃபீல்டரிடம் நேராக, வேகமாகப் போகும் பந்து என்பதுதான். வலைக்கு முன்னால் தனியாக அடிக்கிறவனுக்கு ஃபீல்டர் ஏது?

மேஜர் லீக் (பேஸ்பாலின் உச்சத் தொழில்முறைப் போட்டி) மைதானங்களில் 2015 முதல் ஸ்டாட்காஸ்ட் என்ற அமைப்பு ஒவ்வொரு அடியையும் அளக்கிறது. அதன் கணக்கு எனக்கு வசதியாக இருந்தது. பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் கோணம் 10 டிகிரிக்குக் கீழே என்றால் கிரவுண்டர், 10 முதல் 25 வரை லைன் டிரைவ், 25 முதல் 50 வரை ஃப்ளை, அதற்கு மேல் பாப் அப். ஃபீல்டர் எங்கே நின்றால் என்ன, கோணம் மாறப்போவதில்லை.

கருவி இல்லாதவனுக்குப் பள்ளிக்கூட டேன்ஜென்ட் போதும். டீயிலிருந்து வலை 3 மீட்டர் தூரம். 10 டிகிரியில் கிளம்பிய பந்து அங்கே போய்ச் சேரும்போது டீ உயரத்தைவிட 53 செ.மீ. மேலே இருக்கும், 25 டிகிரி என்றால் 140 செ.மீ. மேலே. என் டீ 75 செ.மீ. ஆக, தரையிலிருந்து 128-இல் ஒரு நாடா, 215-இல் ஒரு நாடா. இரண்டுக்கும் நடுவே பட்டால் லைன் டிரைவ், கீழே பட்டால் கிரவுண்டர், மேலே பட்டால் ஃப்ளை. வலையைத் தாண்டிப் போனால் பாப் அப் என்று வைத்துக்கொண்டேன். இது கொஞ்சம் திருட்டுக் கணக்கு. என் வலையின் உயரமும் 3 மீட்டர்தான். 50 டிகிரிக்கு நாலே கால் மீட்டருக்கு மேல் வேண்டும். உயரமான ஃப்ளைகளும் அந்தக் கட்டத்தில்தான் விழுந்தன.

நாடா கட்டிய முதல் நாள் 50 அடி: கிரவுண்டர் 31, லைன் டிரைவ் 9, ஃப்ளை 7, தாண்டியது 3.

சரி, வியாதி உறுதியாகிவிட்டது. ஏன் என்று தெரிய வேண்டுமே? மட்டையின் பருத்த பகுதியில் சாக்பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசினேன். பந்தின் நடுவே பேனாவால் பூமத்திய ரேகை மாதிரி ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு படுக்கையாக இருக்கும்படி டீயில் வைத்தேன். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் பந்தைத் தேடி எடுத்து, வெள்ளைத் தடம் கோட்டுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்த்தேன். ஓடி ஓடிப் பொறுக்குவதில் முழங்கால் போய்விட்டது. ஆனால் இந்த ஆறு வாரத்தில் உருப்படியாகக் கற்றது அந்த ஒரு மாலையில்தான்.

கிரவுண்டர்களில் தடம் கோட்டுக்கு மேற்பக்கமோ கோட்டின் மீதோ இருந்தது. நல்ல லைன் டிரைவ்களில் கோட்டுக்குச் சற்றுக் கீழே, சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. பாப் அப் ஒன்றில் தடம் எங்கே என்று தேடினால், பந்தின் அடிவயிற்றில் லேசாகத் தீற்றியிருந்தது. பந்தும் உருண்டை, மட்டையும் உருண்டை. பந்தின் விட்டம் ஏறக்குறைய 74 மி.மீ., மட்டை அதிகபட்சம் 2.61 அங்குலம், அதாவது 66 மி.மீ. இரண்டின் மையங்களும் ஒரு செ.மீ. மேலும் கீழுமாக விலகினால் மோதும் திசை 8 டிகிரி சாய்கிறது. பந்தின் மேல் அந்தத் தடம் நகர்வது 5 மி.மீ.தான். பந்து அந்தத் திசையிலேயே அச்சாகப் போகாது, உராய்வில் ஒரு பகுதி சுழற்சியாக மாறிவிடும். ஆனாலும் எவ்வளவு சின்ன இடத்துக்குள் இந்த விளையாட்டு நடக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

என் கோளாறு பந்தைப் பார்ப்பதில் இல்லை. மட்டை மேலிருந்து வெட்டிக்கொண்டு இறங்கியது. இறங்கி வரும் மட்டை பந்தின் நடுவில் பட்டால்கூடக் கிரவுண்டர்தான். வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி, மட்டை பந்துக்குப் பின்னால் மட்டமாக வந்து லேசாக ஏறும்படி மாற்றினேன். இரண்டு வாரம் கழித்து 50 அடி: கிரவுண்டர் 18, லைன் டிரைவ் 19, ஃப்ளை 10, தாண்டியது 3.

வெட்டி அடிப்பதையே ஒரு வித்தையாக வைத்திருந்தவர்களும் உண்டு. 1890களில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியினர் பந்தை ஹோம் பிளேட்டுக்கு (அடிக்கிறவர் நிற்கும் இடத்துத் தட்டு) முன்னால் இறுகிய தரையில் ஓங்கி அறைவார்கள். அது எகிறி மேலே போய்க் கீழே இறங்குவதற்குள் முதல் பேஸுக்கு ஓடிவிடுவார்கள். பால்டிமோர் சாப் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. நான் அதைத்தான் பயிற்சி செய்துகொண்டிருந்தேன் என்று நண்பனிடம் சொல்லிப் பார்த்தேன். அவன் மதிக்கவில்லை.

நான்காம் வாரம் வலையை விட்டு மைதானத்துக்குப் போனோம். சாஃப்ட்பால், பேஸ்பாலுக்கு உறவுக்கார ஆட்டம். பந்தின் சுற்றளவு 12 அங்குலம், பேஸ்பாலைவிட மூன்று அங்குலம் அதிகம். பெரிய பந்து, சுலபமாக அடிபடும் என்று நினைத்தேன். மட்டை ஒல்லி, அதிகபட்சம் இரண்டேகால் அங்குலம்தான். போதாததற்குப் பந்து கீழிருந்து எழும்பி வருகிற மாதிரி இருக்கிறது. ஒன்பது பாப் அப் அடித்துவிட்டுத்தான் அடங்கினேன்.

ஆனால் அங்கே கிரவுண்டரின் மரியாதை வேறு. பேஸுக்கும் பேஸுக்கும் பேஸ்பாலில் 90 அடி, சாஃப்ட்பாலில் 60 அடி. இடது கையால் ஆடும் பெண் ஒருவர் பந்து வருவதற்குள் ஓட ஆரம்பித்து, ஓட்டத்தோடு ஓட்டமாக ஷார்ட் ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) பக்கம் தட்டிவிட்டுப் போனார். இதற்கு ஸ்லாப் என்று பெயர். பந்தை எடுத்து எறிவதற்குள் அவர் பேஸில் நிற்கிறார். என் நோட்டில் அதை எழுதினால் 'கிரவுண்டர், மோசம்' என்றுதான் எழுதியிருப்பேன்.

அன்றைக்கு ஃபவுல் (கோட்டுக்கு வெளியே போன அடி) விஷயத்தில் இரண்டு முறை மூக்குடைபட்டேன். மூன்றாம் பேஸ் கோட்டை ஒட்டி நான் தட்டிய பன்ட் (மட்டையை வீசாமல் மெல்லத் தட்டிவிடும் அடி) ஒன்று முதலில் கோட்டுக்கு வெளியே விழுந்தது. ஃபவுல் என்று நின்றுவிட்டேன். அது சுழன்று கோட்டுக்கு உள்ளே திரும்பி நின்றது. இன்ஃபீல்டில் பந்து எங்கே விழுந்தது என்பது கணக்கில்லை. பேஸைத் தாண்டுவதற்குள் எங்கே நிற்கிறது அல்லது எந்த இடத்தில் ஒருவர் கை படுகிறது என்பதுதான் கணக்கு. ஓடியிருந்தால் தப்பித்திருப்பேன். அப்புறம், இரண்டு ஸ்ட்ரைக் இருக்கும்போது (மூன்றாவது விழுந்தால் அவுட்) பந்து மட்டையில் லேசாக உரசி நேராகக் கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) கையுறைக்குள் போனது. "ஃபவுல்தானே, இன்னொன்று போடு" என்றேன். "அது ஃபவுல் டிப். அவுட்டுடா, நட" என்றான் நண்பன். கேட்சர் பிடிக்காமல் விட்டிருந்தால்தான் அது வெறும் ஃபவுல்.

இந்த வாரம் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பிடிக்கப் போனேன். என் பாப் அப்களுக்கான தண்டனை போல. மட்டை பந்தின் அடியில் தீற்றும்போது பந்து கடுமையாகப் பின்சுழற்சி எடுக்கிறது. மேலே ஏறும்போது அந்தச் சுழற்சி பந்தை ஹோம் பிளேட் பக்கம் இழுக்கிறது, இறங்கும்போது மைதானத்தின் பக்கம் தள்ளுகிறது. காகிதத்தில் படம் போட்டுப் புரிந்துகொண்டுதான் போனேன். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் எழும்பும் பந்தைப் பிடிக்கக் கேட்சர்கள் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்பதும் இதனால்தான், பந்து அவர்களை நோக்கித் திரும்பி வரும்.

மூன்றாம் பேஸ் பக்கம் நின்றேன். பந்து எழும்பியது. நாலு எட்டு முன்னால் ஓடி, கையைத் தூக்கி, "என்னுது, என்னுது" என்று கத்தினேன். அண்ணாந்து பார்த்தபடி அரை அடி பின்னால் நகர்ந்தேன். இன்னும் அரை அடி. பந்து என் குதிகாலுக்குப் பின்னால் இரண்டடியில் தொப்பென்று விழுந்தது.

நோட்டில் புதிதாக ஒரு பக்கம் போட்டிருக்கிறேன். பாப் அப் 12, பிடித்தது 4.