கீ போயி, அண்ணாச்சி

போன வியாழக்கிழமை புனலூர்ல ஒரு கல்யாண வீடு. செங்கோட்டையில இருந்து நம்ம 1998 மாடல் மூணு சிலிண்டர் வண்டில தனியாக் கிளம்பினேன். புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறும்போதே இழுவை இல்ல. லோடு லாரிக்காரன் ஹாரன் அடிச்சு ஒதுங்கச் சொல்லிட்டு முந்திப் போறான்னா பாத்துக்கோங்க. கோட்டைவாசல் கருப்பசாமிக்கு வழக்கமா ரெண்டு ரூபா போடுற ஆளு, அன்னைக்கு இருபது போட்டேன். ஒரு வழியா ஆரியங்காவு வரைக்கும் இழுத்துட்டு வந்துட்டார்.

அங்க ஒரு மலையாளி மெக்கானிக் தம்பி. பானட்டத் தூக்கி, இஞ்சின் ஓட ஓட டார்ச் அடிச்சுப் பாத்தாப்ல. இஞ்சின் சுத்துற தண்டு இருக்கே, கிராங்க், அதுல மாட்டின புல்லி கள்ளு குடிச்ச மாதிரி ஆடுது.

"கீ போயி, அண்ணாச்சி."

நான் சட்டைப்பையத் தடவினேன். அப்புறம் எட்டிப் பாத்தேன். "இந்தா தொங்குதே தம்பி!"

அந்த நேரம் பாத்து வீட்டுலருந்து போன். "கீ போயிருச்சாம்"னு சொல்லி வாய மூடல, டவர் போயிருச்சு. மலைல அப்படித்தான்.

புல்லியப் பிடிக்கிற போல்ட்டுல ஸ்பேனர் வெச்சதுமே பொசுக்குன்னு கழண்டு வந்துச்சு. ரெண்டு ஆளு மல்லுக்கட்டித்தான் கழட்டணுமாம் அத. டைமிங் பெல்ட் மாத்தும்போது கழட்டி மாட்டுற போல்ட்டு. "பெல்ட் மாத்தியது ஆரு?"ன்னு கேட்டாப்ல. கூலி குறையுதேன்னு நாலு மாசம் முன்னாடி ஒருத்தர்கிட்ட மாத்தினது ஞாபகம் வந்துச்சு. சொல்லல.

உள்ளங்கையில எடுத்துக் காட்டினாப்ல. சுண்டுவிரல் நகம் அளவு இரும்புத்துண்டு. இதுக்கும் பேரு கீயாம். ஒரு ஓரம் மென்னு துப்பின பாக்கு மாதிரி இருக்கு. வால்வு திறந்து மூடுற நேரத்த ஒழுங்கா வைக்கிற டைமிங் கியர், கிராங்க்ல எந்த இடத்துல உக்காரணும்னு காட்டுறது மட்டும்தான் இதோட வேலை. இறுக்கிப் பிடிக்கிறது போல்ட்டு. போல்ட்டு லூசானா மொத்த அடியும் இந்தப் பொடியன் மேல. 3,000 ஆர்.பி.எம்.னா செகண்டுக்கு 50 சுத்து. எத்தன நாள் தாங்குவான்? அவனும் தேஞ்சு, அவன் உக்காந்திருந்த கிராங்க் காடியும் ஒரு பக்கமா முக்கால் மில்லி அகண்டுபோச்சு. கியர் நகர்ந்து, வால்வு டைமிங்கும் தப்பிருச்சு.

கிராங்க வெளிய எடுத்து வெல்டிங் வெச்சுக் கடையணும்னா, வண்டியோட விலைக்கு வந்து நிக்கும். இல்லன்னா கீழ தடிமனா, மேல பழைய அளவுல ஒரு படி கீ கடைஞ்சு போடலாம். சரி, கடையுறதுக்கு எங்க போக?

அப்பத்தான் மச்சினன் பைக்குல வந்து இறங்கினான். வேர்த்து ஊத்துது. "அக்கா குடுத்துவிட்டா அத்தான்"னு ஸ்பேர் சாவிய நீட்டினான்.

திட்ட வாயத் தொறந்தவன், பைக்கப் பாத்ததும் மூடிக்கிட்டேன். ரெண்டு பேருமா பிரானூர் பார்டருக்கு விட்டோம். 1956ல செங்கோட்டை தமிழ்நாட்டோட சேந்ததும் பார்டர் மேற்கால நகர்ந்துருச்சு, பேரு மட்டும் உக்காந்த எடத்துலயே இருக்கு. நம்ம கீயும் அப்படி இருந்திருக்கலாம். மர அறுவை மில்லு நிறைஞ்ச ஊரு, லேத்துக்குப் பஞ்சமில்ல. லேத்துக்காரர் வெர்னியர் வெச்சு ஒரு கேள்விதான் கேட்டார்: "காடி எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு?" கீயோட மேல் பாகம் தேயாத பக்கத்த ஒட்டித்தான் வரணுமாம், நடுவுல வந்தா டைமிங் திரும்பவும் தள்ளிரும். கடைஞ்சு, அரம் போட்டு ராவி முடிக்க ஒரு மணி நேரம். அதுக்குள்ள புரோட்டா சாப்டாச்சு. கல்யாண சாப்பாடு அவ்வளவுதான்.

பொழுது சாயத் தம்பி கீயத் தட்டி உக்கார வெச்சு, இடுக்குல மெட்டல் பசை நிரப்பி, புதுக் கியரும் போல்ட்டும் போட்டு, டார்க் ரெஞ்சால முறுக்கினாப்ல. "இனி நாளை வர தொடண்டா. பசை செட்டாவணும்."

கைய மண்ணெண்ணெயில கழுவிட்டு இருக்கும்போது லேத்துக்காரர் போன். ஸ்பீக்கர்ல போட்டேன்.

"அண்ணே, கீய இங்கயே வெச்சுட்டுப் போயிட்டீங்களே!"

தம்பி மூஞ்சி வெளுத்துப்போச்சு. மச்சினன் மெதுவாப் பேன்ட் பாக்கெட்டத் தடவ ஆரம்பிச்சான்.