எக்ஸ்கவேட்டர்: சாவி போடுவதற்கு முன்

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். ஆயில் டிப்ஸ்டிக், கூலன்ட், வாட்டர் செபரேட்டரில் (டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் பகுதி) தேங்கிய தண்ணீர் எல்லாம் சில நிமிட வேலை. பக்கெட்டை இணைக்கும் பின்களுக்குப் பொதுவாக 10 மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ். சேற்றிலும் தண்ணீரிலும் வேலை என்றால் இன்னும் சீக்கிரம். ஏர் ஃபில்டரை மட்டும் தினமும் கழற்றாதீர்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் தூசி உள்ளே போகும். ஃபில்டர் இண்டிகேட்டர் சிவப்பு காட்டும்போது திறந்தால் போதும்.

அதிகம் கெடுவது வண்டி நகரும் செயின் (டிராக்). இறுக்கம் கூடினால் புஷ் (செயின் இணைப்பில் உள்ள உருளை), ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டும் பல்சக்கரம்), ஐட்லர் (மறுமுனையில் செயினைத் தாங்கும் சக்கரம்) மூன்றும் வேகமாகத் தேயும். தளர்ந்தால் வண்டி திரும்பும்போது கழன்றுவிடும். இடுக்கில் இறுகிய மண்ணைச் சுரண்டி எடுத்த பிறகே தொய்வை அளக்க வேண்டும், இல்லையென்றால் அளவு பொய். செயினைத் தளர்த்தும்போது, அதை இறுக்கி வைத்திருக்கும் கிரீஸை வெளிவிடும் வால்வை மெதுவாக, ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாமல் திறங்கள். முகத்தை எதிரே வைக்கவே கூடாது; உள்ளே இருக்கும் அழுத்தம் ஆளைக் கொல்லக்கூடியது.

ஹைட்ராலிக் ஹோஸில் (அழுத்தத்தில் ஆயில் ஓடும் குழாய்) கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அட்டைத்துண்டை நீட்டிப் பாருங்கள். ஊசித்துளையில் பீறிடும் ஆயில் தோலைத் துளைக்கும். வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனை.