மரியா எஸ்போசிட்டோ, இரண்டு பேர்

சென்னையில் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் ஒரு நிறுவனத்தில் பதினோரு வருடம் இருந்தேன். வெளிநாட்டில் தங்கள் முன்னோரைத் தேடுகிறவர்களுக்காக நடக்கும் வேலை அது. ஸ்கேன் செய்த பக்கம் திரையின் இடது பாதியில் இருக்கும், நிரப்ப வேண்டிய கட்டங்கள் வலது பாதியில். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடங்கள் மட்டும் தரம் சரிபார்க்கும் க்யூசி மேசைக்கு வரும். அந்த மேசையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

எங்களில் யாரும் இத்தாலிய மொழி படித்தவர்கள் இல்லை. மாதங்கள், எண்கள், உறவுமுறைச் சொற்கள், கொத்தனார், மீனவர் போன்ற தொழில் பெயர்கள் எல்லாம் சேர்த்து ஒரு நானூறு சொல் பட்டியல் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டே ஆறு மாதத்தில் கை பழகிவிடும். கையெழுத்துதான் பெரும்பாடு. ஒரே எழுத்தர் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் வேறு மாதிரியும் எழுதியிருப்பார்.

ஒருமுறை நாப்போலியின், அதாவது தெற்கு இத்தாலியில் இருக்கும் நேப்பிள்ஸ் நகரத்தின், பிறப்புப் பதிவுகள் வந்தன, 1809 முதல் 1813 வரை. நாப்போலி அப்போது தனி நாடு, நெப்போலியனின் தங்கை கணவர் ஜோவாக்கிம் முரா அதன் அரசராக இருந்த காலம். பிறப்பையும் இறப்பையும் கோயில் புத்தகத்தில் மட்டும் எழுதிவந்த ஊரில், அரசாங்கமே எழுத வேண்டும் என்ற முறை 1809இல்தான் அங்கே வந்தது. ஆண்டு, நாள், மணி, குழந்தையைக் கொண்டுவந்தவர் பெயர், பெற்றோர் பெயர், சாட்சிகளின் கையெழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் படிவத்தில் இடம் விட்டிருப்பார்கள்.

அந்த பேட்சில் பக்கத்துக்குப் பக்கம் எஸ்போசிட்டோ வந்தது. ஜூசெப்பே எஸ்போசிட்டோ, வின்சென்சோ எஸ்போசிட்டோ, மரியா எஸ்போசிட்டோ. ஒரே நாளில் நான்கைந்து கூட வரும். ஊரில் பாதிப்பேர் ஒரே குடும்பம் போல என்று பேசிக்கொண்டோம். நமக்கு இனிஷியல் என்றால் அப்பா பெயர். அதனால் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைப் பார்த்தாலே பின்னால் ஒரு அப்பாவும் தாத்தாவும் நிற்பதாகத்தான் நம் மனம் படிக்கும்.

இரண்டாவது வாரம் மென்பொருள் சிவப்புக் கொடி காட்ட ஆரம்பித்தது. பெயர், குடும்பப் பெயர், தேதி, ஊர், பெற்றோர் என ஐந்து கட்டமும் ஒன்றாக இருந்தால் அது டூப்ளிகேட் என்று காட்டும். எனக்கு அது ஆச்சரியமாகவும் இல்லை. இத்தாலியில் ஒவ்வொரு பதிவேட்டையும் இரண்டு பிரதியாக எழுதினார்கள், ஒன்று ஊராட்சிக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு. ஸ்கேன் எடுக்கும்போது ஒன்றின் தாள்கள் இன்னொன்றுக்குள் கலந்துவிட்டிருக்கும் என்று நினைத்தேன். பெற்றோர் கட்டம் காலியாக இருந்ததையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்தர் அவசரத்தில் விட்டிருப்பார் என்று வைத்துக்கொண்டேன். மாத டார்கெட் வேறு தலைக்கு மேல் இருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட பதிவுகளை டூப்ளிகேட் என்று தள்ளிவிட்டேன்.

சேர்ந்து இரண்டு மாதம் கூட ஆகாத ஒரு பெண் என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் பாக்குறீங்களா? இது ரெண்டும் ஒரே குழந்தை இல்லக்கா."

இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இரண்டிலும் மரியா எஸ்போசிட்டோ, இரண்டும் 1811இல் ஒரே நாள். ஒன்றில் மணி நள்ளிரவைத் தாண்டியிருந்தது, இன்னொன்றில் விடியற்காலை. அவள் விரல் அதற்குக் கீழே இருந்த வரிகளுக்குப் போனது. எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது, அதனால் யாரும் அந்த வரிகளைப் படிப்பதில்லை. ஒரு குழந்தை பழைய படுக்கை விரிப்பின் துண்டில் சுற்றியிருந்தது. இன்னொன்று கிழிந்த சட்டையில், வலது மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டி. வயது, பிறந்து ஒரு நாள் இருக்கலாம்.

"இந்த ருவோத்தான்னா சக்கரம்னு லிஸ்ட்ல இருக்குக்கா. வண்டிச் சக்கரத்துல மாட்டிக்கிச்சான்னு நெனச்சேன். ஆனா எல்லாக் குழந்தைக்கும் சக்கரம்னே எழுதியிருக்கே?"

அன்று சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தச் சக்கரத்தைப் பற்றித் தேடிப் படித்தோம். நாப்போலியின் பழைய நகரில் ஃபொர்ச்செல்லா என்ற பகுதி இருக்கிறது. அங்கே அன்னுன்ஸியாத்தா என்ற மிகப் பழைய தேவாலயமும் அதோடு சேர்ந்த ஆதரவு இல்லமும் உண்டு. அந்த இல்லத்தின் சுவரில் ஒரு துளை. துளைக்குள் நின்றவாக்கில் சுழலும் மரப் பெட்டி. தெருவில் நிற்பவர் குழந்தையை அதில் வைத்துச் சுற்றினால் குழந்தை உள்ளே போய்விடும். உள்ளே இருக்கும் பெண்ணுக்கு வெளியே நிற்பவர் முகம் தெரியாது, வெளியே நிற்பவருக்கும் குழந்தையை எடுக்கும் கைகள் தெரியாது. இதுதான் ருவோத்தா. ரோமில் போப் மூன்றாம் இன்னொசென்ட் 1198இல் இப்படி ஒன்றை வைத்ததாகச் சொல்வார்கள். டைபர் ஆற்றில் மீனவர் வலைகளில் சிசுக்களின் உடல்கள் வந்ததைக் கேட்டு மனம் கலங்கிச் செய்தார் என்பது வழிவழியாக வரும் கதை. நாப்போலியின் சக்கரத்தை 1875இல் நிறுத்தினார்கள். இன்றும் அதைப் போய்ப் பார்க்கலாம்.

"நம்ம தொட்டில் குழந்தைத் திட்டம் மாதிரியாக்கா?" என்று கேட்டாள். அவள் சேலம் மாவட்டத்துக்காரி. 1992இல் அந்தத் திட்டம் தொடங்கிய ஊர். ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

எஸ்போசிட்டோ என்ற சொல்லே அப்போதுதான் எனக்குத் திறந்தது. லத்தீனில் 'எக்ஸ்பொனேரே' என்றால் வெளியே வைப்பது. 'எக்ஸ்பொசிதுஸ்' என்றால் வெளியே வைக்கப்பட்டவன். ஞானஸ்நானப் புத்தகத்தில் பாதிரியார் குழந்தையின் நிலையைக் குறிக்க எழுதிய சொல் அது. நாளடைவில் அதுவே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. இன்றைய இத்தாலியப் பேச்சில் இந்தச் சொல் 'எஸ்போஸ்தோ' என்று சுருங்கிவிட்டது, பெயரில் மட்டும் பழைய லத்தீன் உருவம் அப்படியே நிற்கிறது. அழுத்தம் 'போ'வில் விழ வேண்டும். அமெரிக்காவில் 'சீ'யை இழுத்து எஸ்போசீட்டோ என்பார்கள்.

ஆக, நாங்கள் ஒரே குடும்பம் என்று நினைத்தவர்கள் ஒருவருக்கொருவர் எந்த உறவும் இல்லாதவர்கள். ரோஸ்ஸி என்றால் எங்கோ ஒரு தாத்தாவுக்குச் செம்பட்டை முடி. தெற்கில் அதையே ரூஸ்ஸோ என்பார்கள். ஃபெர்ராரி என்றால் கொல்லர் வீடு. எஸ்போசிட்டோவுக்கு அப்படி ஒரு தாத்தா கிடையாது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது ஒரு சுவரும் ஒரு மரப் பெட்டியும். அதனால்தான் அது இவ்வளவு பெருகியது. ஒரு குடும்பம் கிளைவிட்டுப் பரவ வேண்டும் என்றால் தலைமுறைகள் ஆகும். இதுவோ ஒவ்வொரு இரவும் புதிதாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தொடங்கிய பெயர். இன்றும் நாப்போலியில் மிகப் பரவலான குடும்பப் பெயர் இதுதான். இத்தாலி முழுவதையும் எடுத்தாலும் முதல் ஐந்தாறு பெயர்களுக்குள் வரும்.

ஊருக்கு ஊர் இதற்குப் பெயர் மாறும். ரோமில் ப்ரோயேத்தி, எறியப்பட்டவர் என்ற பொருளில். போலோனாவில் தெலி எஸ்போஸ்தி. சிசிலியில் த்ரொவாத்தோ, கண்டெடுக்கப்பட்டவன். மிலானில் இப்படி வந்த குழந்தைகளை வளர்த்த மருத்துவமனையின் சின்னம் புறா, அதனால் அங்கே வளர்ந்த குழந்தைகளுக்குக் கொலொம்போ, அதாவது புறா. (கொலொம்போக்கள் எல்லோரும் அப்படி வந்தவர்கள் இல்லை. அது ஆண்களுக்கு வைக்கும் சொந்தப் பெயராகவும் முன்பே இருந்திருக்கிறது.) புளோரன்சில் இன்னொச்சென்த்தி, குற்றமற்றவர். அங்கே பட்டு வணிகர் சங்கம் பணம் போட, புருனெல்லெஸ்கி வரைந்த கட்டடம் 1419இல் எழத் தொடங்கியது. முதல் குழந்தை 1445 பிப்ரவரி 5 அன்று வந்தது. புனித ஆகத்தாவின் திருநாள் என்பதால் அந்தப் பெண் குழந்தைக்கு ஆகத்தா என்றே பெயர் வைத்தார்கள்.

புளோரன்ஸ் இல்லத்தில் குழந்தைகளோடு வந்த பொருள்களை இன்றும் வைத்திருக்கிறார்கள். பாதியாக வெட்டிய பதக்கங்கள், மணிகள், துணித் துண்டுகள். ஒரு பாதியைத் தாய் வைத்துக்கொள்வாள், என்றாவது திரும்பி வந்தால் இரண்டு பாதியும் பொருந்த வேண்டும் என்று. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டியவளும் அதற்காகத்தானே கட்டியிருப்பாள்? அந்த நூலைக் கவனித்து எழுதிவைத்த எழுத்தருக்கும் அது புரிந்துதான் இருந்திருக்கும். நான்தான் டூப்ளிகேட் என்று அழுத்தினேன்.

மறுநாள் மேலாளரிடம் போய் பேட்சை மறுபடி திறக்கச் சொன்னேன். முடித்துக் கணக்குக் காட்டிய வேலையைத் திறப்பது எங்கள் துறையில் யாருக்கும் பிடிக்காது. அந்த மாதம் எங்கள் டீமுக்கு ஊக்கத்தொகை வரவில்லை. சிலர் என்னோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை, அவர்கள் வருத்தம் நியாயமானதுதான். ஆனால் தள்ளிய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தோம். மணியையும் அடையாளங்களையும் குறிப்புப் பகுதியில் அடிக்க வேண்டும் என்று கிளையன்டிடம் எழுதி அனுமதி வாங்கினோம். பெற்றோர் கட்டத்தில் 'காலி' என்று போடாமல் 'அறியப்படாதவர்' என்று போடும் விதியும் அப்போதுதான் வந்தது. இரண்டும் வேறு வேறு. காலி என்றால் நாங்கள் விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

அடுத்த சில மாதங்களில் வந்த பிந்தைய ஆண்டுப் பதிவுகளில் காட்சி மாறியது. பெயரைக் கேட்டதும் பிறப்பு தெரிந்துவிடுகிறது என்பதால், கண்டெடுத்த குழந்தைகளுக்கு எஸ்போசிட்டோ வைக்கும் வழக்கத்தை முரா ஆட்சியிலேயே நிறுத்தச் சொன்னார்கள். அதன் பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்தர் ஒரு புதுப் பெயர் உண்டாக்க வேண்டியிருந்தது. பூவின் பெயர், மாதத்தின் பெயர், ஊரில் யாருக்குமே இல்லாத ஏதோ ஒரு சொல். நல்ல மனதோடு கொண்டுவந்த மாற்றம்தான். ஆனால் யாருக்குமே இல்லாத பெயரும் காட்டிக் கொடுக்கத்தானே செய்யும்? ஏற்கெனவே எஸ்போசிட்டோ ஆனவர்கள் பெரியவர்களாகி, மணமுடித்து, தங்கள் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். அது அப்பாவிடமிருந்து வரும் பெயர் ஆகிவிட்டது.

பிறப்பைக் காட்டிக் கொடுக்காத தாள் வேண்டும் என்பதற்கு இத்தாலிக்கு இன்னும் வெகுகாலம் ஆனது. தந்தை பெயர் தெரியாதவர்களின் அடையாளத் தாளில் 'என். என்.' என்று இரண்டு எழுத்து போடுவார்கள், பெயர் அறியேன் என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். அதற்கு முடிவு கட்டிய சட்டம் 1955இல்தான் வந்தது. பெற்றோர் தெரியாத குழந்தைக்கு அந்த நிலையை உணர்த்தும் பெயரோ குடும்பப் பெயரோ வைக்கக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் குடிமைப் பதிவு விதிகளிலும் எழுதியிருக்கிறது.

இதற்கிடையில் அந்தப் பெயர் கப்பலேறி உலகம் முழுக்கப் போய்விட்டது. 1889இல் அரசி மார்கரிட்டாவுக்கு பீட்சா செய்து கொடுத்ததாகச் சொல்லப்படும் நாப்போலிக்காரர் ரஃபாயேலே எஸ்போசிட்டோ. கனடாவில் பிறந்து 1970-71 பருவத்தில் 76 கோல் அடித்த ஐஸ் ஹாக்கி வீரர் ஃபில் எஸ்போசிட்டோ. ஸ்பானிய மொழியில் இதே சொல் எக்ஸ்போசிதோ என்று இருக்கிறது, அதே பொருளில், அதே காரணத்தால். எங்கள் பதிவுகளைத் தேடி வருகிறவர்களில் அமெரிக்க, அர்ஜென்டின எஸ்போசிட்டோக்கள் நிறைய. ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போய், ஒரு கட்டத்தில் அந்தச் சுவரில் வந்து முட்டுவார்கள். அதற்கப்பால் போக வழி இல்லை. அந்தச் சுவர் வரைக்குமாவது அவர்கள் சரியான ஆளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர வேண்டும்.

மூன்று வருடம் கழித்து 1830களின் திருமணப் பதிவுகள் எங்கள் மேசைக்கு வந்தன. அங்கே திருமணம் முடிக்க மணமக்கள் இருவரின் பிறப்புப் பதிவு நகலையும் இணைக்க வேண்டும். நாப்போலிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், 1832இல், மரியா எஸ்போசிட்டோ என்ற மணப்பெண், வயது 21. பால் கொடுத்து வளர்க்கச் சக்கரத்துக் குழந்தைகளை இப்படிப் பக்கத்து ஊர்ப் பெண்களிடம் அனுப்புவது வழக்கம். இணைப்பில் இருந்த தேதியைப் பார்த்ததும், அன்று என் மேசைக்கு வந்த அந்தச் சேலத்துப் பெண்ணைத்தான் கூப்பிட்டேன். இப்போது அவளும் சீனியர்.

அதே தேதியில் வந்த இன்னொரு மரியா எஸ்போசிட்டோ ஒன்பதாவது நாளில் இறந்துபோயிருந்தாள். இறப்புப் பதிவேட்டில் அது முன்பே எங்கள் கையில் வந்திருந்தது. இரண்டு பேரையும் நான் ஒருத்தியாக்கி வைத்திருந்தால், ஒன்பது நாளில் இறந்த குழந்தைக்கு இருபத்தோரு வயதில் திருமணம் என்று மென்பொருள் பிழை காட்டியிருக்கும். யாராவது அந்தத் திருமணத்தைப் பொருந்தாதது என்று அறுத்துவிட்டிருப்பார்கள். மணப்பெண்ணுக்கு எழுதத் தெரியாது என்று அடியில் குறித்திருந்தது. இணைப்புத் தாளைப் பெரிதாக்கி இரண்டு பேரும் வரி வரியாகப் படித்தோம். நகலெடுத்த எழுத்தர் மணியை விடவில்லை, கிழிந்த சட்டையையும் விடவில்லை. அதற்கு அடுத்த வரியில், வலது மணிக்கட்டில் சிவப்பு நூல்.